லிஃப்ட் லைன்

ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அக்கா மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். முதலில் சல்லடையில் மணல் ஆட்டுவது போல ஓர் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவள் தம்பி வந்தான்.

"ஹலோ, ஹலோ! பட்டாசு பேசறேன். உங்களுக்கு யாரு வேணும்?"

"நீதான்டா வேணும். வேற யாரு லிஃப்டுக்குள்ள குடித்தனம் இருக்கா?"

வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டல் ரிசீவர் வழியாகக் கீழே போய், நான்கு மாடிக்கு அடியில் நின்றிருந்த தம்பியையும் கைதட்ட வைத்தது. ரிசீவரை எங்காவது வைத்துவிட்டுத்தான் அவன் தட்டியிருக்க வேண்டும். அது எதிலோ மோதும் சத்தம் கேட்டது.

அந்தப் பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில், விடுமுறை நாள் பிற்பகல்களில் மட்டும் நடக்கும் வகுப்பு அது. போன் கிளாஸ் என்று சொல்வார்கள். சொல்லித்தருபவரைப் பிள்ளைகளுக்கு வெறுமனே மிஸ் என்றுதான் தெரியும். இரண்டு தகர டப்பாவையும் ஒரு நூலையும் வைத்து ஆரம்பித்தார்கள். பிறகு காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய டெலிபோன்களைப் பிரித்துப் போட்டு, எந்தச் சாமான் எதற்கு என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு ரிசீவர், நடுவில் சில பேட்டரிகள், ஒரு குட்டி பல்பு, இவை போதும் இரண்டு அறைகளைப் பேச வைக்க. இரண்டு பக்கமும் ரிசீவரை எடுத்தால் பல்பு எரியும். எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குரல் மங்கினால் ரிசீவரை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், வாய்ப்பக்கம் உள்ளே இருக்கும் கரித்தூள் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும்.

கடைசி வேலையாக மிஸ் கொடுத்ததுதான் இந்த லிஃப்ட். கரண்ட் போகும்போதெல்லாம் நடுவழியில் நின்றுவிடும் லிஃப்ட் அது. உள்ளே இருக்கும் அபாய மணி செத்து வருடங்கள் ஆகின்றன. வெளிக்கதவு இரும்பு. அது மூடிக்கொண்டால் உள்ளே கைபேசி வெறும் கைக்கடிகாரம்தான். மூன்றாம் மாடி ஆடிட்டர் ஒருமுறை மாட்டிக்கொண்டு, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் உள்ளேயே தூங்கிப்போனார். "சத்தம் போட்டா வெளியில வெறும் முழக்கமாத்தான் கேக்குது. அதுக்குள்ள நாம ஒரு போன் வெச்சா என்ன?" என்று மிஸ் கேட்டபோது பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது.

முந்தின நாள் சர்வீஸுக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக்கும் உதவி செய்தார். லிஃப்டோடு கூடவே தொங்கிக்கொண்டு போகும் தடித்த கேபிளுக்குள் எப்போதோ போனுக்கென்று விட்ட இரண்டு கம்பிகள் சும்மா கிடந்தன. நான்காம் மாடிப் படிக்கட்டுப் பக்கம் இருக்கும் பெட்டியில் அவற்றை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டியிலிருந்து வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் வயர் இழுத்தார்கள். அந்த வயருக்கு லிஃப்ட் லைன் என்று பெயரும் வைத்தார்கள்.

வகுப்பில் பெரியவள் அக்கா. அதனால் தம்பிக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே அவள் அக்காதான். தம்பிக்கு எட்டு வயது. வாய் ஓயாது என்பதால் பட்டாசு. "உள்ள யாரு நிக்கறது?" என்று பேச்சு வந்தபோது மிஸ் யோசிக்கவே இல்லை.

"பட்டாசு நிக்கட்டும். அவன் பேச்சு நின்னாத்தான் லைன் போச்சுன்னு நமக்குத் தெரியும்."

லிஃப்ட் தரைத்தளத்தை விட்டு நகரக் கூடாது, கதவுகள் திறந்தே இருக்க வேண்டும், வாட்ச்மேன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வாட்ச்மேனும் சரியென்று தலையாட்டியிருந்தார்.

"அக்கா, ஒரு வேடிக்கை காட்டட்டுமா?" என்றான் பட்டாசு இப்போது.

"ஒண்ணும் காட்ட வேணாம். சொன்ன இடத்துல நில்லு. வாட்ச்மேன் அண்ணன் இருக்காரா?"

"கேட்டுல யாரோ வந்தாங்கன்னு போனாரு. நீ அங்கேயே இரு, நான் பேசிக்கிட்டே மேல வரேன்."

"டேய்!"

கம்பிக் கதவு இழுபடும் கிறீச் சத்தம் ரிசீவரில் கேட்டது. அதைத் தொடர்ந்து மோட்டாரின் உறுமல். தம்பி கிரிக்கெட் வர்ணனை மாதிரி கத்த ஆரம்பித்தான். "முதல் மாடி! தாண்டியாச்சு! இதோ ரெண்டாவது..."

வகுப்பின் மின்விசிறி சுருதி இறங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

அப்புறம் ரிசீவரில், "ஐயோ, நின்னுடுச்சு" என்றான் தம்பி. பேட்டரி பக்கத்தில் குட்டி பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கே கரண்ட் இல்லை, இவர்கள் போனுக்கு மட்டும் இருந்தது.

"மிஸ், வேலை செய்யுது! நிஜமாவே மாட்டிக்கிட்டான், நிஜமாவே பேசறான்!" என்று குதித்தான் பல்லி. ஒல்லிக் குச்சியான அந்தப் பையன்தான் சுவரில் தொற்றி ஏறி வயரை ஆணியடித்தவன். அதனால் அந்தப் பெயர். வயர் வெட்டும் கட்டர் அப்போதும் அவன் கையில் இருந்தது. "போய் பெட்டிகிட்ட நில்லு, ஜாயிண்ட் எதுவும் கழண்டுடாம பாத்துக்கோ" என்று மிஸ் அவனைப் படிக்கட்டுப் பக்கம் அனுப்பினார். அவர் முகத்திலும் சிரிப்புதான். மிரட்ட வேண்டிய பட்டாசை அப்புறம் மிரட்டிக்கொள்ளலாம்.

"இருட்டா இருக்காடா? பயமா இருக்கா?" என்றாள் அக்கா.

"இருட்டா? கதவைத் திறந்துட்டேனே."

"எந்தக் கதவை?"

"ரெண்டையும்தான். கம்பிக் கதவை இழுத்தேன். வெளியில இருக்கற இரும்புக் கதவைக் காலால தள்ளினேன், அதுவும் திறந்துடுச்சு. கீழ ஒரு ரூமு தெரியுது. அட்டைப் பெட்டியா அடுக்கி வெச்சிருக்காங்க."

இரண்டாம் மாடி குடோன். விடுமுறை நாளில் அதன் படிக்கட்டுப் பக்கத்து ஷட்டர் பூட்டியிருக்கும். சாவி எந்த ஊரில் இருக்கிறதோ.

"கீழன்னா எவ்வளவு கீழ?"

"சாப்பாட்டு மேசையை விடக் கொஞ்சம் உசரம். உக்காந்து வழுக்கினா இறங்கிடலாம். எனக்கு ஜுஜுபி."

அக்கா அதை மிஸ்ஸிடம் அப்படியே சொன்னாள். மிஸ்ஸின் சிரிப்பு துடைத்தெடுத்தது போலப் போனது. அவர் வந்து ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடினார்.

"நல்லா கேளும்மா. லிஃப்ட் தரைக்கும் அந்த மாடித் தரைக்கும் நடுவுல வெறும் ஓட்டை. அடியில ரெண்டு மாடிப் பள்ளம். வழுக்கி இறங்கற பையன் முன்னாடி விழ மாட்டான், உள்பக்கமா அந்த ஓட்டைக்குள்ளதான் சரிவான்."

"அப்ப..."

"இன்னும் இருக்கு. கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஓடக் கூடாது. ஆனா அதைத் தடுக்கற கதவு சுவிட்ச் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக் நேரா வயர் கட்டி விட்டிருக்காராம். அடுத்த வாரம் மாத்தறேன்னாரு. அதனாலதான் தரையை விட்டு நகரக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப கரண்ட் வந்தா, கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் தானா கீழ போகும். அவன் பாதி உள்ள, பாதி வெளிய இருக்கும்போது போனா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இருக்கவில்லை. அக்கா அணைந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்ட் எப்ப வரும், மிஸ்?"

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. கரண்ட் வர வேண்டியதே இல்லை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பின்கட்டில் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். அந்த ஆள் செய்யும் நல்ல காரியங்களில் முதலாவது அது.

மிஸ் கைபேசியில் வாட்ச்மேன் எண்ணை அழுத்தினார். மணி வகுப்புக்குள்ளேயே அடித்தது. மூலையில், சார்ஜில் போட்டுத் தரச் சொல்லி வாட்ச்மேன் வகுப்பு தொடங்கியதும் கொடுத்துவிட்டுப் போன போன், ஜன்னல் விளிம்பில் துள்ளித் துள்ளி நடுங்கியது.

"தராசு!" என்றார் மிஸ்.

எதையும் எடை போட்டுத்தான் பேசுவாள் என்பதால் தராசு என்று பெயர் வாங்கிய பெண் எழுந்து நின்றாள்.

"கீழே ஓடு. ஜெனரேட்டர் போட வேணாம்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை சேக்காதே. போட வேணாம், அவ்வளவுதான். அப்புறம் மொட்டை மாடி மோட்டார் ரூம் சாவியை வாங்கிட்டு வா."

"போட வேணாம்னு சொல்லணும், சாவி வாங்கணும்" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டே தராசு கிளம்பினாள். அவள் செருப்புச் சத்தம் படிகளில் தடதடவென்று இறங்கிக் கரைந்தது.

"நீ அவன்கூட பேசிக்கிட்டே இரு. அவனை நகர விடாதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மிஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டபடி நடைக்கு ஓடினார்.

அக்கா வாய்ப்பக்கத்திலிருந்து கையை எடுத்தாள். எட்டு வயதில் ஒருவனைப் பயமுறுத்தினால் அவன் உட்காருவானா, ஓடுவானா? தன் தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியும். பயந்தால் ஓடுகிற ஜாதி.

"பட்டாசு, என்னடா பண்றே?"

"எட்டிப் பாக்கறேன். அந்தப் பெட்டியில எல்லாம் என்ன இருக்கும்கா?"

"கொஞ்சம் பின்னாடி வா, சொல்றேன்."

"நீ எப்பவும் இப்படித்தான். முதல்ல சொல்லு."

நடையில் மிஸ்ஸின் கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. மெக்கானிக்கின் குரல் அறைக்குள் வரை கேட்டது. "பையன் உள்ளயா? அய்யய்யோ. முதல்ல லிஃப்ட் லைனைக் கட் பண்ணுங்க! மத்ததெல்லாம் அப்புறம். லைனைக் கட் பண்ணாம பையன்மேல கை வைக்காதீங்க!"

"லிஃப்ட் லைனைக் கட் பண்ணணும், சரி, உடனே கட் பண்றோம்!" என்று மிஸ் உரக்கச் சொல்லிக்கொண்டே மொட்டை மாடிப் படியேறி ஓடுவதும் கேட்டது.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் காது முழுக்க ரிசீவருக்குள் இருந்தது. தம்பி ஏதோ முனகிக்கொண்டு நகரும் சத்தம். துணி தரையில் உரசும் சத்தம்.

"உக்காந்துட்டியா? எங்க உக்காந்தே?"

"ஓரத்துல. கால் தொங்கப் போட்டிருக்கேன். அக்கா, சூப்பரா இருக்கு."

அக்கா, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி சொன்னாள்.

"நல்லா கேட்டுக்க. நான் சொல்ற வரைக்கும் நீ கீழே இறங்க..."

கூடாது என்பதையும் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் அவள் வாயில் மட்டும்தான் ஒலித்தது. இந்தப் போனில் பேசினால் தன் குரலும் தன் காதுக்கே லேசாகத் திரும்பி வரும். வரவில்லை. சல்லடை இரைச்சலும் இல்லை. ரிசீவர் ஒரு பிளாஸ்டிக் துண்டாகிவிட்டது.

இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றுமில்லை. பேட்டரியைப் பார்த்தாள். பல்பு அணைந்திருந்தது.

கீழே இறங்க. அவன் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். நான் சொல்ற வரைக்கும் என்று ஆரம்பித்ததை அவன் எங்கே கேட்டிருப்பான்? எந்தப் பேச்சிலும் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிற பிள்ளை. கடைசிச் சொல்லிலும் வால் அறுந்துவிட்டது. கூடாது என்று வேலி போடுவதற்குள் வயல் திறந்தே நின்றுவிட்டது.

ரிசீவரைப் போட்டுவிட்டு, வயரை உள்ளங்கையில் தடவிக்கொண்டே சுவரோரமாக ஓடினாள். அறைவாசல் தாண்டியது. நடை தாண்டியது. படிக்கட்டு முனையில், பெட்டிக்குக் கீழே, வயர் அவள் கையைவிட்டு நழுவித் தொங்கியது. அங்கே பல்லி கட்டரோடு நின்றிருந்தான். முகத்தில் வெற்றி.

"கட் பண்ணிட்டேன்கா!"

"எதைடா?"

"லிஃப்ட் லைனை. மிஸ்தான் கத்தினாங்க, உடனே கட் பண்ணணும்னு. போன்ல அந்த மெக்கானிக்கும் சொன்னாரே."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்கும் ஒரு கை வேண்டும். இரண்டு கைகளும் ஏற்கெனவே வயர் முனைகளைத் தேடிக்கொண்டிருந்தன.

"அது கரண்ட் லைன்டா! மோட்டாருக்குப் போற லைன்! நம்ம லைன் இல்ல!"

பல்லியின் கை கட்டரோடு கீழே இறங்கியது. இந்த வகுப்பில் லிஃப்ட் லைன் என்றால் வேறு எதுவுமாக இருந்ததே இல்லை.

"நான்... சேத்துடறேன்கா. டேப் உள்ள இருக்கு."

"டேப்புக்கு நேரமில்ல. அந்தப் பக்கத்து முனையைச் சீவு."

அவள் தன் பக்கத்து முனையைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் உறை வழுக்கியது. மறுபடியும் கடித்தாள். செம்பின் முள் உதட்டில் ஏறியது. சிவப்பு, கறுப்பு. பல்லி கட்டரால் சீவியதில் ஒரு முனை அப்படியே துண்டாக விழுந்தது. "மெதுவாடா" என்றாள், தன் குரல் அழுகிறதா கோபப்படுகிறதா என்று தெரியாமல். மேலே மொட்டை மாடியில் இரும்பை எதனாலோ அடிக்கும் சத்தம் கேட்டது. மிஸ் பூட்டை உடைக்கப் பார்க்கிறார்.

சிவப்போடு சிவப்பை வைத்து முறுக்கினாள். கறுப்போடு கறுப்பு. முறுக்கு நிற்கவில்லை, பிரிந்து விலகியது.

"பிடி. ரெண்டையும் விரலால அழுத்திப் பிடி. ஒண்ணு மேல ஒண்ணு பட்டுடக் கூடாது. விட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பல்லி இரண்டு ஜாயிண்டையும் இரண்டு கை விரல்களுக்குள் பிடித்து, சுவரோடு சுவராக நின்றான். அவள் ஓடினாள்.

பல்பு எரிந்தது. முழுதாக இல்லை. பல்லியின் விரல் நடுங்குவதற்கு ஏற்றபடி மினுக்கி மினுக்கி எரிந்தது.

"பட்டாசு!"

மணல் இரைச்சல். அதில் ஓட்டைகள். "...க்கா? எங்க போ... நீதானே இறங்குன்னு சொன்... ஒரு கை பிடிச்சு... திரும்பிக்கிட்டேன்..."

திரும்பிக்கொண்டான் என்றால் குப்புறப் படுத்து, காலை முதலில் விட்டு இறங்கப் போகிறான். ரிசீவரை இன்னும் பிடித்திருக்கிறான் என்பதால் ஒரு கைதான் லிஃப்டைப் பிடித்திருக்கிறது.

இறங்காதே என்று கத்த வாய் திறந்தது. திறந்தபடியே நிறுத்தினாள். இந்த லைனில் எந்தச் சொல்லின் எந்தப் பாதி போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? இறங்காதே என்பதன் முதல் பாதி போதும் அவனைக் கொல்ல. போகாதே என்றாலும் போ என்றுதான் கேட்கும். வேண்டாம், கூடாது, செய்யாதே, அம்மா நாள் முழுக்க அவனிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் உயிர் வாலில் இருக்கிறது. வால் இல்லாத சொல்லாக வேண்டும். பாதியாக உடைந்தாலும் அதே திசையைக் காட்டும் சொல்.

"மேல ஏறு" என்றாள். "மேல. மேல. ஏறு."

"ஏன்... இப்பத்தானே..."

"மேல ஏறு. உள்ள வா. உள்ள."

"அக்கா, நீ சரியான..."

"ஏறுடா. ஏறு. உள்ள."

முனகல். எதுவோ சுவரில் உரசியது. ரிசீவர் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நீண்ட இரைச்சல். அப்புறம் மூச்சு வாங்கும் குரல், மிகப் பக்கத்தில்.

"ஏறிட்டேன். முட்டி சிராய்ச்சுடுச்சு."

"மூலைக்குப் போ. கதவுக்கு எதிர் மூலை. போயிட்டியா?"

"ம்."

"உக்காரு. சம்மணம் போடு. முதுகைச் சுவத்துல ஒட்டு."

"ஸ்கூல்ல கூட இப்படி..."

"ஒட்டு. கையை மடியில வை."

"வெச்சா போனை எப்படிப் பிடிக்கறது? லூசு."

அந்தப் பதில் முழுசாக வந்து சேர்ந்தது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

பின்கட்டில் ஒரு இருமல் கேட்டது. இன்னொன்று. பிறகு ஜெனரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தலைக்கு மேல் மின்விசிறி அசைந்தது. குழல்விளக்கு துடித்து எரிந்தது. மொட்டை மாடியில் பூட்டை அடிக்கும் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக, கட்டடத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து, மோட்டாரின் உறுமல்.

"அக்கா" என்றான் தம்பி. இப்போது குரலில் பட்டாசு இல்லை. "லிஃப்ட் போகுது. கதவு திறந்திருக்கு, அது பாட்டுக்குப் போகுது."

"உக்காந்திரு. ஒட்டிக்கிட்டு உக்காரு."

"சுவர் மேல போகுதுக்கா."

"போகட்டும். என்கூடப் பேசு."

"நான் இப்ப இருந்த இடத்துல... அந்த ஓரம்... இரும்பு உரசிக்கிட்டு..."

அவன் நிறுத்திவிட்டான். எதைப் பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை. வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்று தேடினாள்.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"ஓரேழு ஏழு" என்றான். அவள் வியந்துபோனாள். எத்தனை அடி வாங்கியும் வீட்டில் சொல்லாதவன். "ஈரேழு பதினாலு. மூவேழு..." மூன்றாவதில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டாம் முறை தடுக்கியபோது ஒரு குலுங்கல், ஒரு இரும்புச் சத்தம், அப்புறம் பல குரல்கள். வாட்ச்மேனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

"வந்துட்டான் பாரு ராஜா! நான் இருக்கறப்ப என்ன பயம்?"

அக்கா படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பில் கையூன்றி நின்ற வாட்ச்மேன் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். பக்கத்தில் தராசு சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்கா. போட வேணாம், போட வேணாம்னு அதை மட்டும்தான் சொன்னேன். அதுக்குள்ள ஜெனரேட்டர் கயித்தை இழுத்துட்டாரு. அந்த மெஷின் சத்தத்துல அவருக்குக் காதே கேக்கல. நான் சும்மா கையசைக்கறேன்னு நெனச்சு எனக்கு டாட்டா காட்டினாரு."

லிஃப்டின் எதிர் மூலையில் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு சுவரோடு. ரிசீவர் காதோடு. அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் உள்ளே போய் அவனை அள்ளி எடுத்தாள். தூக்கி வெகுநாள் ஆகியிருந்தது, கனத்தான்.

"வலிக்குது, விடு. உன் உதட்டுல ரத்தம்."

"இருக்கட்டும்."

மிஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கை விரல்களில் துரு. தம்பியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு, பதற்றத்தில் அதுவரை நினைவுக்கு வராத, கீழ்ச்சுவரிலிருந்த லிஃப்ட் போர்டைத் திறக்கச் சொல்லி, வாட்ச்மேன் சாவியைத் தேடும்வரை நின்று, ஜெனரேட்டரை நிறுத்த வைத்து, பீங்கான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன மிஸ் இது? ஆடிட்டர் நாளைக்கு வந்து கத்துவாரு."

"கத்தட்டும். அந்தக் கதவு சுவிட்ச் மாத்தற வரைக்கும் இது ஓடாது. ஓனர் கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

"நான் நல்லதுக்குத்தானே போட்டேன்?" வாட்ச்மேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன நடக்க இருந்தது என்று மிஸ் அவருக்கு மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் அங்கே கிடந்த ஸ்டூலைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அக்காவும் தம்பியும் மேலே ஏறினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அவளுடைய தாவணி முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் மாடி ஷட்டரைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு இப்போது பயம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. பல்லியை என்ன கேட்க வேண்டும் என்று படிக்குப் படி சேர்த்துக்கொண்டே வந்தாள். காதில் விழுந்ததும் வெட்டுவாயா? ஒரு வார்த்தை வந்து கேட்க மாட்டாயா? அது என்ன உன் வீட்டுத் துணிக்கொடியா? நான்காம் மாடிக்கு வரும்போது கேள்விகள் நன்றாகக் கூர் ஏறியிருந்தன.

பல்லி பெட்டிக்குக் கீழே அதே இடத்தில் நின்றிருந்தான். இரண்டு கைகளும் மேலே. விரல் நுனிகள் வெளுத்துப்போய், ஒவ்வொரு கைக்கும் ஒரு ஜாயிண்ட். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவன் ஒரு விரலையும் எடுக்கவில்லை. எல்லோரும் கீழே ஓடியதில் அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவன் முதலில் தம்பியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளை.

"விடட்டுமாக்கா?"

அவள் வகுப்புக்குள் போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று சொல்லி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சிவப்பு வயரின் மேல் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.